பஞ்சாமிர்தம் பிசைந்த கை

1987ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஆறாம் நாள், வெள்ளிக்கிழமை, தைக் கிருத்திகையன்று முற்பகலில், வில்லியனூர்க் கடைத்தெருவில் மளிகை மண்டி நடத்தும் என் தம்பி சேதுராமனின் வீட்டுப் பூசைக் கூடத்தில், அவனுடைய மருமகள் செங்கமலம் வலிப்புக் கண்டு விழுந்தாள். அப்போது அவளுக்கு வயது இருபத்து நான்கு. திருமணமாகி நான்கு ஆண்டுகள் நிறைந்திருந்தன. கனகா என்று இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை இருந்தது. அதற்கு முன் அவளுக்கு வலிப்பு வந்ததே இல்லை. இவை ஐயத்திற்கு இடமில்லாத செய்திகள். இதன் பின் அந்த வீட்டில் பேசப்பட்டவற்றுள் பெரும்பாலானவை ஐயத்திற்கு மட்டுமே இடமளிப்பவை. ஆதலால் இவற்றை முதலில் வைத்தேன்.

அந்த வீட்டில் மாதக் கிருத்திகைதோறும் பஞ்சாமிர்தம் உண்டு. அதைப் பிசையும் உரிமை குடும்பத் தலைவனுக்கு மட்டுமே உரியது. சேதுராமன் விடியலில் எழுந்து, காலைக்கடன் முடித்து, கிணற்றடியில் குளித்து, ஈர வேட்டியுடன் பித்தளை உருளியின் முன் அமர்வான். வாழைப்பழம், வெல்லம், தேன், பேரீச்சம்பழம், நெய் ஆகிய ஐந்தையும் இரண்டு கைகளாலும் பிசைவான். கரண்டி கூடாது, உலோகம் பட்டால் சுவை கெடும். சோப்பும் கூடாது; அதற்கு அவன் கூறிய காரணம் இன்னும் உயர்ந்தது.

"சோப்புல மாட்டுக் கொழுப்பு போட்றாங்கக்கா. அந்தக் கையால சாமிக்குப் பிசைய சொல்றியா?" என்பான்.

ஆகவே, காலைக்கடன் முடித்த கையைக் கிணற்று நீரில் இரண்டு முறை நனைத்துக்கொண்டு அவன் சாமிக்குப் பிசைந்தான். சாமி எதுவும் சொல்லவில்லை. முதலில் ஆண்களுக்கும், பிறகு விருந்தினருக்கும், பிறகு வீட்டம்மா கோகிலாம்பாளுக்கும் வழங்கிய பின், உருளியில் ஒட்டியிருப்பதை வழித்து உண்ணும் பேறு மருமகளுக்குக் கிடைக்கும். அதைப் பேறு என்றுதான் குறிப்பிட்டார்கள்.

அன்று செங்கமலம் உருளியைச் சாய்த்து வழித்துக்கொண்டிருந்தாள். முதலில் அவளுடைய வலக்கை விரல்கள் வெட்டி வெட்டி இழுத்தன. வேறு யாருடைய கையோ தன் தோளில் வந்து ஒட்டிக்கொண்டதைப் போல அவள் அதை வியப்போடு பார்த்தாள். துடிப்பு முழங்கைக்கு ஏறியது. வாய் ஒரு பக்கமாகக் கோணியது. உருளி ஒரு புறம் உருண்டது. அவள் மறு புறம் விழுந்தாள்.

உடனே மருத்துவம் தொடங்கிற்று. கோகிலாம்பாள் தன் இடுப்பிலிருந்த இரும்புச் சாவிக்கொத்தை உருவி மருமகளின் கையில் திணித்தாள். நான்கு ஆண்டுகளில் அந்தச் சாவிக்கொத்து மருமகளின் கைக்கு வந்தது அன்றுதான். எதிர்க்கடை அரங்கநாதன், முகர்ந்து பார்க்கட்டும் என்று தம் செருப்பைக் கழற்றி அவள் மூக்கருகில் நீட்டினார். அது நல்ல மாட்டுத்தோல். சோப்புக்குக் கிடைக்காத அனுமதி செருப்புக்குக் கிடைத்திருந்தது. சிறிது நேரத்தில் துடிப்பு தானாகவே நின்றது. நிறுத்தியது சாவியா, செருப்பா என்பதில் கோகிலாம்பாளுக்கும் அரங்கநாதனுக்கும் ஏற்பட்ட கருத்து வேறுபாடு இன்றுவரை தீரவில்லை.

அவள் கண் விழிப்பதற்குள் நோயின் ஊரும் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது.

"பொறந்த ஊரு பாகூர்லேந்தே கொண்ணாந்திருக்கா, அண்ணி" என்றாள் கோகிலாம்பாள் என்னிடம். "எத்தினி வருசமா மறைச்சி வெச்சிருந்தாளோ! பொண்ணு பாக்கப் போனப்பவே அவங்கப்பன் சுப்பராயலு பஜ்ஜிய ரெண்டு ரெண்டா வெச்சான். அப்பவே யோசிச்சிருக்கணும்."

"பஜ்ஜிக்கும் வலிப்புக்கும் இன்னா சம்பந்தம்?"

"சம்மந்தம் இல்லாம எவனாவது ரெண்டு ரெண்டா வெப்பானா?"



இரண்டு வாரத்திற்குள் மீண்டும் ஒருமுறை வந்தது. அதன் பிறகு வீட்டின் திட்டம் தெளிவாயிற்று. பங்குனி பிறந்ததும் சுப்பராயலுவை வரவழைத்து, நோயை மறைத்துத் திருமணம் செய்துவைத்ததைச் சொல்லி, செங்கமலத்தைப் பாகூருக்கு அனுப்பிவிட வேண்டியது. குழந்தை வில்லியனூரிலேயே இருக்கும். செல்லிப்பட்டில் கோகிலாம்பாளின் தம்பி மகள் ஒருத்தி, அண்மையில் தையல் பயின்று முடித்து, வேறு வேலையின்றி இருந்தாள். அவளைச் செங்கமலத்தின் கணவனான என் தம்பி மகன் ஜெகநாதனுக்கு முடிப்பது. ஜெகநாதனைக் கேட்டார்கள். அவன், "அம்மா சொன்னா சரி" என்றான். பேசக் கற்ற நாள்முதல் அவன் சொல்லிவந்த சொற்றொடர் அதுவே. அதைக் கொண்டு அவனுடைய கருத்து இன்னதென்று எவராலும் அறிய முடியாது.

செங்கமலம் கிணற்றடியில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"பெரியத்தே, என்னை அனுப்பட்டும். போறேன். கனகாவக் குடுத்துடுவாங்களா?"

"குடுக்க மாட்டாங்க."

"அப்போ நான் போவ மாட்டேன்" என்றாள். அழவில்லை. வாளியை இறக்கித் தண்ணீர் இறைத்தாள். அந்தக் கை எப்போது வெட்டும் என்று அவளுக்கும் தெரியாது, கிணற்றுக்கும் தெரியாது. நான் கயிற்றை வாங்கிக்கொண்டேன்.

அன்று மாலையே தம்பியிடம் பேசினேன். "அனுப்பணும்னா அனுப்பு. ஆனா இது தீராத வியாதின்னு ஒரு டாக்டர் வாயால வரட்டும். நாளைக்கு சுப்பராயலு ஊரக் கூட்டி நியாயம் கேட்டா இன்னா சொல்லுவே? கோகிலம் பஜ்ஜிக் கணக்குச் சொல்றான்னு சொல்லுவியா?"

சேதுராமன் வணிகன், சான்று கைவசம் இருப்பது நல்லது என்று அவனுக்குப் பட்டது. ஒப்புக்கொண்டான்.

புதுச்சேரியில் தெய்வசிகாமணி என்றொரு மூளை நரம்பு மருத்துவர் இருந்தார். இளைஞர், ஆனால் சொல்ல வேண்டியதை முறையாக, முதலில் இது, அடுத்தது இது என்று சொல்லத் தெரிந்தவர். அவர் எங்களைச் சென்னைக்கு அனுப்பி மூளையைப் படம் எடுத்து வரச் செய்தார். மார்ச்சு மாதத் தொடக்கத்தில் நாங்கள் நால்வரும், அதாவது சேதுராமன், ஜெகநாதன், செங்கமலம், நான், அவர் எதிரில் அமர்ந்தோம். அவர் படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"இதோ, இடது பக்கம், சின்னதா ஒரு வளையம் தெரியுதா? அதைச் சுத்திக் கருப்பா பரவியிருக்கே, அது வீக்கம். அதனாலதான் வலது கையில ஆரம்பிக்குது. பிறவி நோய் இல்ல. பரம்பரையும் இல்ல. காசநோய்க் கட்டியா இருக்கலாம்னு சில டாக்டர்கள் சொல்லுவாங்க. எனக்கென்னவோ இது பன்னி நாடாப்புழுவோட முட்டையிலேந்து வந்த நீர்க்கட்டின்னு படுது."

"இன்னா புழு சார்?" என்றான் சேதுராமன்.

"பன்னி நாடாப்புழு."

"சார், நாங்க சைவம். எங்க வூட்ல வெங்காயமே கிருத்திகைக்குச் சேக்க மாட்டோம்."

"நான் இந்தம்மா பன்னி சாப்பிட்டாங்கன்னு சொல்லலையே! வேகாத பன்னிக்கறி சாப்பிட்டவருக்கு வயித்துல புழு வளரும். அவரு நல்லா நடமாடிக்கிட்டுத்தான் இருப்பாரு. அந்தப் புழுவோட முட்டை அவரு மலத்துல வெளியே வரும். அவரு சரியா கை கழுவாம ஒரு பண்டத்தைத் தொட்டா, அதைச் சாப்பிட்டவங்க வயித்துக்குள்ள அந்த முட்டை போயி, ரத்தத்தோட மூளைக்கு ஏறிடும். இவங்களுக்குச் சில வருஷம் முன்னாடியே போயிருக்கும். சாப்பிட்டவர் ஒருத்தர், அனுபவிக்கிறவங்க இன்னொருத்தர்."

சேதுராமன் தன் இரு கைகளையும் மடியில் மறைத்துக்கொண்டான். அப்போது நான் அதைக் குளிர் என்று எண்ணினேன். மார்ச்சு மாதத்தில் புதுச்சேரியில் ஏது குளிர் என்று எண்ணியிருக்க வேண்டும்.

"எப்பவோ போன முட்டைன்னா, இத்தினி நாள் ஏன் சார் வலிப்பு வரல?" என்று கேட்டேன்.

"நல்ல கேள்வி. அந்தப் புழுக்குஞ்சு உயிரோட தெம்பா இருக்கிற வரைக்கும் வேஷம் போட்டுக்கிட்டு ஒளிஞ்சிருக்கும். நம்ம ஒடம்புல நோய எதிர்க்கிற காவல்படை ஒண்ணு இருக்கு. அந்தப் படை கண்ணுல புழு படவே படாது. வயசாகிச் சாகப் போறப்பத்தான் வேஷம் கலையுது. உடனே மொத்தப் படையும் பாய்ஞ்சு வந்து அடிக்குது. அந்த அடியில அந்த எடம் வீங்குது. வீக்கம் பக்கத்து நரம்புகளைச் சீண்டுது. வலிப்பு வருது."

"அப்ப புழு ஒண்ணும் பண்ணல. அவ ஒடம்புதான் பண்ணுதா?" இதைக் கேட்டவன் ஜெகநாதன். அவன் தானாக ஒரு கேள்வி கேட்டதால் நாங்கள் அனைவரும் அவனைத் திரும்பிப் பார்த்தோம்.

"அப்படித்தான் வெச்சுக்குங்களேன்."

"ஒடம்பு நல்லதுக்குத்தானே சார் சண்ட போடுது?"

"நல்லதுக்குத்தான். ஆனா சண்ட நடக்கிற எடம் மூளை ஆச்சே! உங்க மண்டியில ஒரு எலி சாகக் கெடக்குது. அதை அடிக்கப் பத்து பேரு தடியோட உள்ள பூந்தா, எலியால எத்தனை மூட்டை நாசமாகும், தடியால எத்தனை மூட்டை நாசமாகும்?"

"எங்க மண்டியில எலி கெடையாது சார்" என்றான் சேதுராமன்.

மருத்துவர் அவனை ஒரு கணம் பார்த்துவிட்டு மருந்துச் சீட்டில் எழுதினார். வலிப்பை அடக்க ஒரு மாத்திரை. அதை இரண்டு ஆண்டுகளேனும் விடாமல் உண்ண வேண்டும். அடிக்க வந்த படையை அமர்த்தி வீக்கத்தைக் குறைக்க ஸ்டீராய்டு மாத்திரை. அது சில வாரங்களுக்கு மட்டும். பிறகு மீண்டும் படம் எடுத்துப் பார்க்கலாம். "இன்னொண்ணு. உங்க வீட்ல சமைக்கிறவங்க, பரிமாறுறவங்க, வேலைக்காரங்க உட்பட எல்லாருடைய மலத்தையும் பரிசோதனைக்குக் குடுங்க. யார்கிட்டயாவது புழு இருந்தா நம்ம சந்தேகம் உறுதியாகும். முக்கியமா, அவங்களுக்கு மருந்து குடுக்கணும். இல்லன்னா அடுத்த முட்டை அந்தக் குழந்தைக்குப் போகும்."

செங்கமலம் அதுவரை பேசவில்லை. "கனகாவுக்கா?" என்றாள். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு அந்தப் பரிசோதனையை நடத்தாமல் விடுவதில்லை என்று நான் உறுதி செய்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கோகிலாம்பாள் பன்றியின் பெயரைக் கேட்டாள். கேட்ட மாத்திரத்தில் குற்றவாளியையும் கண்டுபிடித்தாள். பாத்திரம் துலக்கும் தனக்கொடியே அவள்.

"அவங்க தெருவுல மேயாத பன்னி இல்ல. அவதான்! நாளையிலேந்து வூட்டுப்படி ஏறக் கூடாது."

தனக்கொடி துலக்கிக்கொண்டிருந்த உருளியைத் தரையில் வைத்தாள். "ஏம்மா, நான் பன்னி துன்றேன், யான துன்றேன், ஒனக்கு இன்னா? நான் ஒங்க வூட்டு ஏனத்தத் தேய்க்கிறவ. சாம்பலப் போட்டு, சவுக்காரத்தப் போட்டு, கை தோலு உரியத் தேய்க்கிறேன். பஞ்சாமிர்தமா பெசையறேன்?"

சேதுராமன் கடைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனான். அன்று ஞாயிற்றுக்கிழமை, கடை கிடையாது.

மறுநாள் ஆளுக்கொரு மூடியிட்ட பிளாஸ்டிக் டப்பா வாங்கி, மூப்பு வரிசைப்படி பெயர் எழுதி ஒட்டி, கொல்லைப்புற மாடத்தில் அடுக்கினேன். கோகிலாம்பாள் தன் டப்பாவைக் கண்டு காதைப் பொத்திக்கொண்டாள். பொத்த வேண்டியது காதன்று என்று சொன்னேன். புதன்கிழமை காலைக்குள் எல்லா டப்பாக்களும் நிறைந்திருக்க வேண்டும் என்றேன், நிறைந்திருந்தன. அந்த வீட்டில் ஒரு வேலை குறித்த நேரத்தில் முடிந்தது அதுவே முதல் முறை. சேதுராமனின் டப்பாதான் முதலில் வந்தது. அந்தச் சுறுசுறுப்பு என்னை உறுத்தியது.

இவ்விடத்தில் வீரப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் மண்டியின் டெம்போ ஓட்டுநர். சனிக்கிழமைதோறும் அவனும் சேதுராமனும் திருபுவனையிலுள்ள ஆலை கேன்டீனுக்கு அரிசியும் பருப்பும் ஏற்றிச் செல்வார்கள். வீரப்பன் முருகனுக்கு மாலையிட்டு, நெற்றி நிறைய நீறு பூசி, கறி உண்பதில்லை என்று நேர்ந்துகொண்டவன். இதை அவன் அடிக்கடி சொல்லிக்கொள்வான். சேதுராமனும் தன்னைப் பற்றி அவ்வாறே சொல்லிக்கொள்வான். இருவரும் ஒருவரையொருவர் நம்பினார்கள்.

சோதனை முடிவு வந்த நாளில்தான் சுப்பராயலுவும் பாகூரிலிருந்து வாடகைக் கார் ஒன்றுடன் வந்து சேர்ந்தார். கோகிலாம்பாள் அவருக்கு முன்பே சொல்லியனுப்பிவிட்டாள். மருத்துவரைப் பார்த்ததால் திட்டம் மாறவில்லை. பிறவி நோய் இல்லை என்று மருத்துவர் கூறியதைக் கோகிலாம்பாள், "அவரு பொண்ணு பாக்கப் போனாரா?" என்ற ஒரே கேள்வியால் தள்ளிவிட்டிருந்தாள். செங்கமலத்தின் பெட்டி கூடத்தில் இருந்தது. அதன்மேல் கனகா ஏறி அமர்ந்து காலாட்டிக்கொண்டிருந்தாள். பெட்டியைத் தூக்குவோர் குழந்தையை இறக்க வேண்டும். இறக்க யாரும் முன்வரவில்லை.

ஜெகநாதன் புதுச்சேரியிலிருந்து முடிவுகளை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தான்.

"எல்லாருக்கும் ஒண்ணும் இல்ல" என்றான். "தனக்கொடிக்கும் ஒண்ணும் இல்ல."

கொல்லையிலிருந்து தனக்கொடி, "கேட்டுக்கோம்மா!" என்று குரல் கொடுத்தாள்.

"ஒருத்தருக்குத்தான் இருக்கு. நாடாப்புழு முட்டை." அவன் தந்தையைப் பார்த்தான். "அப்பா... ஒங்களுக்கு."

சேதுராமன் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தான். மானம் போகும் வேளையில் மனிதன் சிந்தித்துப் பேசினால் உலகில் பல உண்மைகள் வெளிவரவே மாட்டா.

"பொய்! அது என்னுது இல்ல! வீரப்பனுது!"

கனகாவின் கால் பெட்டியில் இடித்துக்கொண்டிருந்தது.

"வீரப்பனுது ஒன் டப்பாவுல எப்பிடிடா வந்துச்சி?" என்று கேட்டேன்.

வீரப்பனை அழைத்து வரச் சொன்னேன். அவன் வாசலில் நின்று தலையைச் சொறிந்தான்.

"மொதலாளிதான் கேட்டாரும்மா. நீ சுத்தமான ஆளு, ஒண்ணு குடுறான்னாரு. மொதலாளி கேட்டு இல்லன்னு சொல்ல முடியுமா?"

"சுத்தமான ஆளு வயித்துல புழு எப்பிடி வந்துச்சி?"

"அது... திருபுவனையில சாராயக்கடை பக்கத்துல செல்லக்கண்ணு பன்னி வறுவல் போடும்மா. மில்லு சங்கு ஊதிச்சின்னா கூட்டம் முட்டிக்கும். வெந்துச்சா வேவலையான்னு யாரு பாக்கறது, சட்டி காலியாயிடும். நான் எப்பனா ஒரு நாளு..." அவன் சேதுராமனை ஏறிட்டு நோக்கி, வருத்தத்துடன் தொடர்ந்தான். "மொதலாளி பாக்கக் கூடாதுன்னு நான் முன்வாசல்ல நின்னு வாங்கிக்குவேன். மொதலாளி நான் பாக்கக் கூடாதுன்னு பின்வாசல்ல போயி குந்திக்குவாரு. சட்டி ஒண்ணுதாம்மா."

கோகிலாம்பாள் எழுந்தாள். கணவனின் எதிரில் வந்து நின்றாள். பன்றியைப் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை. "எத்தினி வருசமா மறைச்சி வெச்சிருந்தே?" என்று மட்டும் கேட்டாள். அதே கேள்வியைத் தான் முன்பு யாரைப் பற்றிக் கேட்டோம் என்பது அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். ஏனெனில் அவளுடைய கண் பெட்டியின் பக்கம் போய்த் திரும்பியது.

"ஏழெட்டு வருசம்" என்றான் சேதுராமன் மிகவும் தாழ்ந்த குரலில். "சனிக்கெழம மட்டுந்தான்."

அதுவரை ஓரமாக அமர்ந்திருந்த சுப்பராயலு தொண்டையைச் செருமிக்கொண்டார். "சம்மந்தி, வியாதி உள்ளவங்கள அழைச்சிகினு போவச் சொல்லிக் காரோட வரச் சொன்னீங்க. வந்துட்டேன். இப்ப யார ஏத்தறது?"

முதலில் சிரித்தவள் செங்கமலம். வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தாள். ஆனால் கொல்லையில் தனக்கொடி பொத்திக்கொள்ளவில்லை. ஜெகநாதன் எழுந்து போய், கனகாவைத் தூக்கி மனைவியின் மடியில் வைத்துவிட்டு, பெட்டியை உள்ளறைக்குக் கொண்டுபோனான். அவன் தாய், "டேய்!" என்றாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா சொன்னதைக் கேட்காமல் அவன் செய்த முதற் செயல் ஒரு பெட்டியைச் சுமந்தது. அது போதுமானதாக இருந்தது.

பிறகு சேதுராமன் தன்னுடையதைத் தானே கொடுத்தான். முடிவு வேறாக இல்லை. மருத்துவர் அவனுக்கும் வீரப்பனுக்கும் மென்று விழுங்கும் மாத்திரை கொடுத்தார். "இதுல கொழுப்பு கிழுப்பு ஏதாவது சேத்திருப்பாங்களா சார்?" என்று என் தம்பி கேட்டான். மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். இரண்டு நாளில் புழு வெளியேறிற்று. அதன் நீளத்தைப் பற்றி வீரப்பனும் சேதுராமனும் மண்டியில் ஒப்பிட்டுப் பேசிக்கொண்டார்கள் என்று கேள்வி. அதை நான் விசாரிக்கவில்லை.

மே மாதத்தில் செங்கமலத்திற்கு மறுபடியும் படம் எடுத்தார்கள். வீக்கம் வடிந்திருந்தது, வளையம் இருந்த இடத்தில் ஒரு சிறு புள்ளி மட்டும் இருந்தது. மாத்திரை தொடங்கிய பின் அவளுக்கு வலிப்பு வரவில்லை.

இறுதியாக முடிவு செய்யப்பட்டவை இவை. செங்கமலம் வில்லியனூரிலேயே, தன் கணவனுடனும் குழந்தையுடனும் இருப்பாள். வலிப்பு மாத்திரையை மருத்துவர் நிறுத்தச் சொல்லும் நாள்வரை தவறாமல் உண்பாள். அதுவரை தனியே கிணற்றில் நீர் இறைக்க மாட்டாள். செல்லிப்பட்டுப் பெண்ணுக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளும்படி கோகிலாம்பாள் தன் தம்பிக்குச் சொல்லியனுப்பினாள். தனக்கொடியின் கூலி உயர்த்தப்பட்டது. அவளிடம் மன்னிப்புக் கேட்பது பற்றிப் பேச்சு எழுந்து முடிவின்றி நின்றது. சேதுராமன் சனிக்கிழமைகளில் திருபுவனைக்குப் போவதை யாரும் தடுக்கவில்லை. போனால் நன்றாக வெந்ததை, முன்வாசலில் நின்று வாங்கி உண்ண வேண்டும் என்று மட்டும் சொல்லப்பட்டது. கிணற்றடியில் சோப்பு வைக்கப்பட்டது. வைகாசிக் கிருத்திகை முதல் பஞ்சாமிர்தத்தை ஜெகநாதன் மரக்கரண்டியால் கிளறுகிறான். முதல் கரண்டி செங்கமலத்திற்கு. உருளியை வழிப்பவன் சேதுராமன்.